ஜிசிசி 9 முதல் 14 வரை: பழைய மூலநிரலோடு என் அனுபவம்

ஆய்வகக் கருவிகளின் அளவீடுகளைப் படித்துச் சேமிக்கும் ஒரு சி நிரலையும், அவற்றை வரைபடமாக்கும் ஒரு சி பிளஸ் பிளஸ் நிரலையும் 2020 முதல் மூலநிரலிலிருந்தே கம்பைல் செய்து (கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றி) பயன்படுத்தி வருகிறேன். இரண்டையும் எழுதியவர்கள் பராமரிப்பைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 20.04 தந்த ஜிசிசி 9 என்ற கம்பைலரில் சில எச்சரிக்கைகளோடு இரண்டும் உருவாயின. அதன்பின் இயங்குதளத்தை மாற்றிய ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று உடைந்தது.

உபுண்டு 22.04-க்குப் போனபோது கம்பைலர் ஜிசிசி 11 ஆனது. எல்லாக் கோப்புகளும் கம்பைல் ஆகி முடிந்த பிறகு, ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்ற ஒரே புகாரை, அவற்றை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் பத்து முறை சொன்னது. சேனல்களின் எண்ணிக்கையை வைத்திருக்கும் மாறி, ‘வேறிடத்தில் வரையறுக்கப்பட்டது’ என்று சொல்லும் ‘எக்ஸ்டெர்ன்’ இல்லாமல், பல கோப்புகள் பகிரும் ஒரு ஹெடர் கோப்பில் அறிவிக்கப்பட்டிருந்தது. பத்துக் கோப்புகள் அந்த ஹெடரைச் சேர்த்திருந்தன, பதினொன்றாவது கோப்பு அதே பெயரைத் தானே தனியாக அறிவித்திருந்தது. ஜிசிசி 9 வரை இத்தகைய அறிவிப்புகள் பொது நினைவிடம் ஒன்றில் ஓசையின்றி இணைக்கப்பட்டன. 2020-இல் வந்த ஜிசிசி 10 அந்த இயல்பை மாற்றிவிட்டது. பழைய இயல்பை மீட்டுத்தரும் ‘எஃப்-காமன்’ ஆப்ஷனை முதலில் சேர்த்து வேலையை முடித்தேன். சில வாரங்கள் கழித்து முறையாகத் திருத்த உட்கார்ந்தபோதுதான், ஹெடரில் ‘இன்ட்’ ஆக இருந்த அந்த மாறி, ஹெடரைச் சேர்க்காத அந்தப் பதினொன்றாவது கோப்பில் ‘லாங்’ என்ற வேறு எண் வகையாக இருந்தது தெரிந்தது. லிங்கர் காட்டியது உண்மையான பிழை; அதை நான் ஓர் ஆப்ஷனால் மூடி வைத்திருந்தேன்.

சி பிளஸ் பிளஸ் நிரலின் சிக்கல் வேறு வகை. ஜிசிசி 11-இல் இயல்பான தரம் (மொழியின் பதிப்பு) சி பிளஸ் பிளஸ் 17 என்பதால், ஒரு ஃபங்ஷன் எழுப்பக்கூடிய பிழை வகைகளை ‘த்ரோ’ என்று பட்டியலிடும் பழைய அறிவிப்புகள் எல்லாம் பிழைகளாயின. இங்கே தரம் 14 என்று, உருவாக்கும் கட்டளைகளைக் கொண்ட மேக்ஃபைலில் குறிப்பிட்டதே போதுமானது, சரியானதும்கூட. ஏனெனில் அந்த நிரல் பழைய தரத்திற்காகவே எழுதப்பட்டது. உபுண்டு 24.04-இன் ஜிசிசி 13 ‘யூஇன்ட்32_டி’ என்ற வகையைத் தெரியாது என்றது. வேறு ஹெடர்கள் வழியாகத் தற்செயலாக வந்துகொண்டிருந்த ‘சிஎஸ்டிடிஇன்ட்’ ஹெடரை நேரடியாகச் சேர்த்ததும் அது தீர்ந்தது.

என்னை உண்மையிலேயே அலைக்கழித்தது டெபியன் 13 என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தில் வரும் ஜிசிசி 14; இம்முறை சிக்கல் சி நிரலில். முன்னறிவிப்பில்லாத ஃபங்ஷன் அழைப்பு, பொருந்தாத பாயிண்டர் வகைகள் போன்று நெடுங்காலம் எச்சரிக்கையாக மட்டும் இருந்தவை இதில் பிழைகளாகிவிட்டன. அந்தப் பிழைகளைத் திருத்த ஒரு மாலை போதுமானதாக இருந்தது. ஆனால் பிழையே காட்டாமல் உருவாகி நிறுவப்பட்ட நிரல், சுருக்கப்பட்ட தரவுக் கோப்புகளைத் திறக்க மறுத்தது. இரண்டு நாள் கோப்புகளையும், அவற்றைச் சுருக்கி விரிக்கும் ஜீலிப் லைப்ரரியையும் சந்தேகித்தேன். இறுதியில், கம்பைல் செய்யும் முன் கணினியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று சோதிக்கும் கான்ஃபிகர் விட்டுச்சென்ற பதிவுக் கோப்பை வரிவரியாகப் படித்தபோது காரணம் கிடைத்தது. ஜீலிப் இருக்கிறதா என்று பார்க்க கான்ஃபிகர் எழுதும் சிறு சோதனை நிரலில், ‘மெயின்’ முன் ‘இன்ட்’ இல்லை. ஜிசிசி 14 அதைப் பிழையென நிராகரிக்க, கான்ஃபிகரோ லைப்ரரியே இல்லை என்று முடிவு செய்து அந்த வசதியை நீக்கிவிட்டிருந்தது. சோதனையில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்ததும் வசதி திரும்பியது. இப்போதெல்லாம் கம்பைலர் மாறியவுடன், பழைய கம்பைலரிலும் புதியதிலும் கான்ஃபிகரை ஓட்டி, அது தரும் ஆம்-இல்லை விடைகளை ஒப்பிட்ட பிறகே நிரலை உருவாக்கும் ‘மேக்’ கட்டளையைக் கொடுக்கிறேன்.

அந்த ஒப்பீட்டிற்காகவே பழைய ஜிசிசி ஒன்றைப் புதியதன் அருகில் நிறுவி வைத்திருக்கிறேன். கணினியின் இயல்பான ‘ஜிசிசி’ இணைப்பை மாற்றுவதில்லை. எந்தக் கம்பைலர் வேண்டும் என்பதை ‘சிசி’, ‘சிஎக்ஸ்எக்ஸ்’ சூழல் மாறிகளில் அந்தந்தப் பணிக்கு மட்டும் சொல்கிறேன். கான்ஃபிகருக்குப் பதிலாக சிமேக் என்ற கருவியைப் பயன்படுத்தும் நிரலாக இருந்தால் பில்ட் கோப்புறையை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும், ஏனெனில் முதலில் கண்ட கம்பைலரையே அது தன் கேஷில் நினைவில் வைத்திருக்கும்.

புதிய கணினியில் உருவாக்கிய வரைபட நிரலை உபுண்டு 20.04-இலேயே இருக்கும் ஆய்வகக் கணினிக்கு ஒருமுறை கொண்டுபோனேன், ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.29’ என்ற பதிப்புக் குறியீடு கிடைக்கவில்லை என்று அது ஓட மறுத்தது. அந்தக் குறியீடு ஜிசிசி 11-இன் சி பிளஸ் பிளஸ் லைப்ரரியோடு வந்தது. புது லைப்ரரியைப் பழைய கணினியில் திணிப்பதை விட, எல்லாவற்றிலும் பழைய கணினியில் நிரலை உருவாக்கி மற்றவற்றுக்கு எடுத்துச் செல்வதே பாதுகாப்பானது என்று கண்டுகொண்டேன்.

ஜிசிசி 15-இல் சி மொழியின் இயல்பான தரம் சி23 ஆகிறது. அதில் ‘பூல்’ மொழிக்கே ஒதுக்கப்பட்ட சொல். என் நிரலின் ஹெடரோ அதே பெயரில் ஒரு வகையைத் தானே வரையறுத்து வைத்திருக்கிறது. அந்த வரியை இப்போதே நீக்கி, ‘எஸ்டிடிபூல்’ ஹெடரைச் சேர்த்துவிட்டேன். வெற்று அடைப்புக்குறிக்கு ‘எந்த உள்ளீடும் இல்லை’ என்றே சி23 பொருள்கொள்வதால், அப்படி அறிவிக்கப்பட்ட ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகத் திருத்தும் வேலை இன்னும் நடக்கிறது.