கல்லடி வீட்டு விறாந்தையும் ஸ்கெச்அப்பும்: எட்டு வருட அனுபவம்

மட்டக்களப்பின் கல்லடியில் நான் வரைந்து கொடுத்த ஒரு வீட்டின் விறாந்தை வடக்கைப் பார்த்தது. குடிபுகுந்த வருடமே, ஜூன் மாதத்தில், வீட்டுக்கார அம்மா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நீங்கள் காட்டிய படத்தில் பின்னேரம் விறாந்தை முழுவதும் நிழல். இங்கே நாலு மணிக்குக் கதிரை போட்டு இருக்க முடியவில்லை. வந்து பாருங்கள்." போய்ப் பார்த்தேன். வடமேற்கிலிருந்து சரிந்து வந்த வெயில் விறாந்தையின் பாதிவரை கிடந்தது.

அன்று இரவு, முப்பரிமாணத்தில் வீடு வரையும் மென்பொருளான ஸ்கெச்அப்பில் அந்த வீட்டின் மாதிரியைத் திறந்து ஒவ்வொரு அமைப்பாகப் பார்த்தேன். இடம் எதையும் குறிக்காமல் விட்டால், ஸ்கெச்அப் நம் வீட்டை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள போல்டர் நகரில் வைத்து நிழல் போடுகிறது. அது ஏறத்தாழ 40 பாகை வட அகலாங்கு. மட்டக்களப்போ 7.7 பாகை. ஜூன் 21 நண்பகலில் போல்டரில் சூரியன் உச்சியிலிருந்து 16 பாகையளவு தெற்கே சாய்ந்திருக்கும். நமக்கும் ஏறத்தாழ அதே சாய்வுதான், ஆனால் வடக்கே. நிழலின் நீளம் நம்பும்படியாக இருந்ததால்தான் திசை பிழைத்ததை நான் கவனிக்கவில்லை. ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்கும் செப்டெம்பர் தொடக்கத்துக்கும் இடையில் நமது நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கிறது. தெற்குச் சுவருக்கு மட்டும் நிழல் யோசிக்கும் பழக்கம் வெளிநாட்டுப் பாடக் காணொளிகளிலிருந்து வந்தது. அது இந்த ஊருக்குப் பொருந்தாது.

ஆகவே முதல் வேலை இதுதான். மொடல் இன்ஃபோ என்ற அமைப்புப் பெட்டியில் ஜியோ லொகேஷன் (இடக்குறிப்பு) பகுதிக்குப் போய், அகலாங்கு 7.7 வடக்கு, நெட்டாங்கு 81.7 கிழக்கு என்று கையால் கொடுங்கள். பிறகு நிழல் பலகையில் நேர வலயம் +5:30 என்று இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். திரையில் தெரியும் பச்சை அச்சுக்கோடுதான் வடக்கு என்பதையும் மறக்க வேண்டாம். வரைய வசதி என்று முன்சுவரைச் சிவப்பு அச்சோடு ஒட்டி வைத்துவிட்டு, வீதி உண்மையில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை விட்டுவிடுவோம். அளவைப் படத்தில் உள்ள வடக்கு அம்புக்குறிக்கு ஏற்ப முழு மாதிரியையும் திருப்பிய பிறகுதான் நிழலை நம்பலாம். இப்போது ஜூன் 21, டிசம்பர் 21 இரண்டுக்கும் காலை ஒன்பது, பின்னேரம் நாலு என்று நான்கு காட்சிகளைச் சேமித்து வைக்காமல் எந்த வீட்டையும் நான் காட்டுவதில்லை. அந்த அம்மாவின் தாவாரத்தை நீட்டி, மேற்குப் பக்கம் மரச்சட்டத் தட்டி அடித்துக் கொடுத்தோம்.

நான் தொடங்கியது 2017ஆம் ஆண்டின் இலவசப் பதிப்பில். கணினியில் நிறுவி இயக்கக்கூடிய கடைசி இலவசப் பதிப்பு அதுவே. இப்போது இலவசமாகக் கிடைப்பது உலாவியில் இயங்குகிறது. பின்னர் சந்தா கட்டிப் புதிய பதிப்புக்கு மாறினேன்.

என்னை அதிகம் வாட்டிய கோளாறு மூலப் புள்ளியை, அதாவது அளவுகள் எல்லாம் தொடங்கும் பூச்சிய இடத்தைப் பற்றியது. நில அளவையாளர் தந்த கோப்பை உள்ளே எடுத்ததும் கோடுகள் நடுங்கும், முகங்கள் (கோடுகளால் அடைபட்ட பரப்புகள்) மினுங்கும், சுற்றிப் பார்க்கும்போது வீட்டின் பாதி அறுந்து மறையும். கிராபிக்ஸ் அட்டையில் பழுது என்று நினைத்துப் பல நாட்களை வீணாக்கினேன். காரணம் வேறு. இலங்கையின் இன்றைய ஆள்கூற்று முறை பீதுருதாலகால மலைக்குக் கிழக்கு 500,000 மீற்றர், வடக்கு 500,000 மீற்றர் என்று எண் கொடுத்துத் தொடங்குகிறது. மட்டக்களப்பு அங்கிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீற்றர், வடக்கே சுமார் 80 கிலோமீற்றர். ஆகவே நம் பன்னிரண்டு பேர்ச் காணி, ஸ்கெச்அப்பின் மூலப் புள்ளியிலிருந்து பல நூறு கிலோமீற்றர் தள்ளிப்போய் உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவு தூரத்தில் மில்லிமீற்றர் கணக்கு நிற்காது. அச்சுகளை மட்டும் வீட்டுக்கு அருகே நகர்த்துவதால் பயனில்லை. உள்ளே இருக்கும் மூலப் புள்ளி நகராது. அளவைக் கோப்பைத் திறக்கும் கேட் (CAD) வரைபட மென்பொருளிலேயே காணியின் ஒரு மூலைக்கல்லைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, எவ்வளவு நகர்த்தினோம் என்பதை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு எடுங்கள். எடுக்கும்போது வரைபடத்தின் மூலத்தைப் பேணும் தெரிவை நீக்கிவிடுங்கள். அலகு மீற்றரா மில்லிமீற்றரா என்றும் பாருங்கள்.

அடுத்தது ஒட்டிக்கொள்ளும் பிரச்சினை. தொகுதியாக்காமல் (குரூப் ஆக்காமல்) வரைந்த சுவரை நகர்த்தினால் தரையும் சேர்ந்து இழுபடும். சுவரை வரைந்த கையோடு மும்முறை சொடுக்கித் தொகுதியாக்க வேண்டும். ஜன்னல், கதவு போல மீண்டும் வருபவை கொம்போனன்ட் ஆக, அதாவது ஒன்றோடொன்று இணைந்த பிரதிகளாக இருக்கட்டும். ஒன்றில் திருத்தினால் எல்லாப் பிரதிகளும் மாறும். பாகங்களை மறைக்கவும் காட்டவும் உதவும் டேக் என்ற அடையாளத்தைப் போடுவது தொகுதிக்கும் கொம்போனன்டுக்கும் மட்டும். உள்ளே உள்ள கோடும் முகமும் எப்போதும் டேக் இல்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் கூரையை மறைக்கும்போது சுவரின் ஒரு விளிம்பும் காணாமல் போகும்.

சாமியறைத் தூணுக்கு அடிவளையம் செதுக்கும்போதும் கிறில் பூ வரையும்போதும் சில முகங்கள் உருவாகாமல் ஓட்டை விழும். மில்லிமீற்றரை விடச் சிறிய விளிம்புகளை இந்த மென்பொருளால் சரிவரக் கையாள முடியாது. அந்தப் பாகத்தைக் கொம்போனன்ட் ஆக்கி, ஒரு பிரதியை நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ பெருப்பித்து அதில் செதுக்குங்கள். மூலமும் கூடவே திருந்திவிடும். பிறகு பெரிய பிரதியை அழித்துவிடலாம்.

மாதிரி நகர மறுக்கிறது என்றால் முதலில் மரங்களைப் பாருங்கள். இணையக் களஞ்சியத்திலிருந்து இறக்கிய ஒரே ஒரு தென்னை என் முழு வீட்டை விடக் கனமாக இருந்தது. ஆரையம்பதிப் பக்கம் நானே எடுத்த தென்னைப் படங்களை வெட்டி, பார்ப்பவரை நோக்கித் திரும்பும் தட்டைப் படங்களாக இப்போது பயன்படுத்துகிறேன். நம் ஊர்த் தென்னையின் சாய்வு அதில் அப்படியே இருக்கிறது, சுவிஸில் இருந்து பார்க்கும் உரிமையாளருக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது. பயன்படாதவற்றை மொடல் இன்ஃபோவின் புள்ளிவிவரப் பகுதியில் அவ்வப்போது நீக்குங்கள்.

மழைக்காலத்தில் கரண்ட் போய்க் கோப்பு கெட்டால் பதற வேண்டாம். மென்பொருள் முந்தைய சேமிப்பை ஒரு காப்புக் கோப்பாக வைத்திருக்கும். விண்டோஸில் கோப்புப் பெயரின் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு (.skp என்பது .skb என்று இருக்கும்). அதை மூலக் கோப்பினுடையதாக மாற்றினால் திறக்கும்.

சீமெந்து, கம்பிக் கணக்கை இதிலிருந்து எடுக்க வேண்டாம் என்று இளையவர்களிடம் சொல்கிறேன். இதற்குச் சுவர் ஒரு சுவர் என்று தெரியாது, முகங்கள் மட்டுமே தெரியும். அந்தத் தேவைக்கு, சுவரைச் சுவராகவே அறிந்து வைத்திருக்கும் ரெவிட் போன்ற கட்டட மென்பொருளைக் கற்க வேண்டும். ஆனால் வீட்டுக்கார அம்மாவை மேசையருகே இருத்தி, அவர் சொல்லச் சொல்லச் சுவரைத் தள்ளிக் காட்ட நான் இன்றும் திறப்பது ஸ்கெச்அப்பைத்தான். என் தொடக்கக் கோப்பில் மட்டக்களப்பின் இடமும் நேரமும் நிரந்தரமாகப் பதிந்திருக்கின்றன. பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதல் நாள் கொடுப்பது அந்தக் கோப்பைத்தான்.