தனுஷ்கோடியா, குல்தாராவா?

கைவிடப்பட்ட ஊர் ஒன்றைப் பார்க்க நாள் ஒதுக்கியாயிற்று, எது என்பதில்தான் குழப்பமா?

பிழைப்பு: தனுஷ்கோடிக்கு 1914-இல் வந்த ரயிலும் இலங்கையின் தலைமன்னாருக்குப் போன கப்பலும். ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் அருகே குல்தாராவில் பாலிவால் பிராமணர்களின் ‘கடீன்’ வேளாண்மை. சரிவின் அடியில் நீண்ட மண்கரை போட்டு மழைநீரைத் தேக்குவார்கள். நீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமை, கொண்டைக்கடலை.

வீழ்ச்சி: தனுஷ்கோடிக்கு ஒரே இரவுப் புயல், 1964 டிசம்பர் 22. குல்தாரா 19-ஆம் நூற்றாண்டு வாக்கில் காலியானது. திவான் சாலிம் சிங்கின் கொடுமை, சாபம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கிணறுகள் வற்றியதே எனக்கு நம்பும்படி இருக்கிறது.

தண்ணீர்: தனுஷ்கோடி மணலில் சில அடி தோண்டினாலே நல்ல நீர். மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஆழம் போனால் உப்புக் கரிக்கும். குல்தாராவுக்குப் புட்டியோடு போங்கள்.

பார்க்க: தனுஷ்கோடியில் பவளக்கல் தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்கள். குல்தாராவில் முழுத் தெருக்களே நிற்கின்றன.

போக: ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. குல்தாரா ஜெய்சல்மேரிலிருந்து 18 கி.மீ. போல, ஆனால் ஜெய்சல்மேர் போவதே பெரிய பயணம்.

குழந்தைகளோடு ஒருநாள் என்றால் தனுஷ்கோடி, மாலைக்குள் திரும்பிவிடுங்கள். ஊரமைப்பைப் படிக்க குல்தாரா, நவம்பர் முதல் பிப்ரவரிக்குள்.