கோப்பில் நாயகி, அட்டவணையில் தர்பார்: பீட்ஸ் மென்பொருளோடு எட்டு மாதம்

எங்கள் வீட்டில் 412 கேசட் இருந்தது. கும்பகோணத்து ரெக்கார்டிங் சென்டரில் அப்பா சீட்டு எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கியவை பாதி. ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, எங்களையெல்லாம் 'உஷ்' என்று அடக்கிவிட்டு எடுத்தவை மீதி. (ஒரு தோடி ஆலாபனைக்கு நடுவில் பால்காரர் மணி கேட்கும். அதை வெட்டவே கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.) நானும் தம்பியும் மூன்று வருஷமாக அத்தனையையும் கணினியில் ஏற்றினோம். இப்போது 3,400 சொச்சம் கோப்புகள், பெரும்பாலும் ஃபிளாக் (ஒலித்தரம் குறையாத கோப்பு வகை), ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில்.

ஏற்றியதைவிடத் திருத்துவதுதான் ஓயாத வேலை. அப்பாவுக்கு 81 வயது. காலைக் காபியோடு கேட்டுக்கொண்டே இருப்பவர் திடீரென்று, "ஏம்மா, தர்பார்னு போட்டிருக்கே, இது நாயகியில்ல?" என்பார். இரண்டும் கரகரப்பிரியாவிலிருந்து பிறந்த ராகங்கள், பிடிகளை (ராகத்துக்கே உரிய ஸ்வரக் கோவைகளை) வைத்துத்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். கேசட் அட்டையில் எழுதியவர் கோட்டை விட்டிருப்பார். நான் டேகில் (கோப்புக்குள்ளேயே இருக்கும் பாட்டு விவரத்தில்) திருத்துவேன். ஓசூரிலிருந்து வரும் தம்பி அவன் மடிக்கணினியில் வேறு நாலைந்து திருத்துவான். ஆனால் மென்பொருளின் அட்டவணை பழையதையே காட்டும். முன்பு வைத்திருந்த மென்பொருளில் (பெயர் வேண்டாம்) கோப்பின் பெயரை மாற்றினால் ஒரே பாட்டு இரண்டாகத் தெரியும். ஒன்று பாடும், ஒன்று பாடாது. எது எது என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தக் கடுப்பில் வந்து சேர்ந்ததுதான் பீட்ஸ். ஏட்ரியன் சாம்ப்சன் தொடங்கி, பலர் கை சேர்த்து வளர்த்த, பாட்டுக் கோப்புகளை அட்டவணைப்படுத்தும் இலவச மென்பொருள். பைத்தானில் எழுதியது. பட்டன், படம் எதுவும் கிடையாது, கருப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். முதல் வாரம் எனக்கு எரிச்சல்தான். உள்ளே சேர்க்கும்போது ஒவ்வொரு ஆல்பத்தையும் மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இணைய இசைத் தகவல் தளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'இதுவா, அதுவா' என்று கேட்கும். ரேடியோவிலிருந்து அப்பா எடுத்த கச்சேரி அங்கே எப்படி இருக்கும்? 'உள்ளது உள்ளபடி' என்பதற்கு 'யூ' எழுத்து. யூ, யூ, யூ என்று தட்டியே ஒரு சனிக்கிழமை போயிற்று. ஒப்பிடவே வேண்டாம் என்று சொல்ல 'மைனஸ் ஏ', அதுவும் பெரிய ஏ, இருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பீட்ஸ் தனக்கென்று ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம் வைத்துக்கொள்கிறது (நான் அட்டவணை என்பது இதைத்தான்). பாட்டு எங்கே இருக்கிறது, டேகில் என்ன இருக்கிறது, கோப்பைக் கடைசியாகப் பார்த்தபோது அதன் 'மாற்றிய நேரம்' என்ன, எல்லாம் அதில் பதிவாகும். 'பீட் அப்டேட்' என்று தட்டினால் அந்த நேரத்தைவிடப் புதிதாக இருக்கும் கோப்பை மட்டும் திறந்து படிக்கும், மற்றதைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் என் பழைய மடிக்கணினியிலும் டிகாக்ஷன் இறங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. எந்தப் பாட்டில் எது மாறியது என்று பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில், வண்ணத்தில் காட்டும். இந்த ஒரு காட்சிக்காகவே நான் இதை விடவில்லை. தம்பி என்னென்ன கை வைத்திருக்கிறான் என்று அவன் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. எதிர்த்திசைக்கு 'பீட் ரைட்', அதாவது அட்டவணையில் உள்ளதைக் கோப்பில் எழுதுவது. இரண்டையும் மாற்றிப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

தம்பி திருத்திய பதினேழு பாட்டு ஒருமுறை வரவே இல்லை. கோப்பைத் திறந்தால் நாயகி, அட்டவணையில் தர்பார். அப்டேட் போட்டால் கப்சிப். இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகு பார்த்தால், அவன் டேக் திருத்தப் பயன்படுத்தும் பிக்கார்டில் 'கோப்பின் நேரத்தை அப்படியே வை' என்ற தேர்வில் டிக் போட்டிருக்கிறான். பதிவு செய்த தேதி கெடக் கூடாதாம்! நேரம் மாறவில்லையென்றால் பீட்ஸுக்கு எதுவுமே மாறவில்லை. டிக்கை எடுக்கச் சொன்னேன். பதினேழு கோப்புகளுக்கும் 'டச்' கட்டளை போட்டு நேரத்தைப் புதுப்பித்தேன், சரியாயிற்று.

ராகத்தைத் தலைப்பின் கடைசியில் எழுதுவது எங்கள் வழக்கம். தலைப்பு மாறினால் அப்டேட் கோப்பின் பெயரையும் சேர்த்து மாற்றிவிடும், வழக்கமான அமைப்பே அப்படித்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்பாவுக்கென்று நான் தொகுத்து வைத்திருந்த எம்3யூ (பாட வேண்டிய கோப்புகளின் வரிசை) பட்டியல்களில் பழைய பெயர்தானே இருக்கும்? 'விடியற்காலை' பட்டியலில் பாதி ஊமையாகிவிட்டது. 'மைனஸ் எம்' (இதுவும் பெரிய எம்) சேர்த்து 'பெயரைத் தொடாதே' என்று சொல்லலாம். இல்லையென்றால் பட்டியல்களையும் கூடவே திருத்தும் 'பிளேலிஸ்ட்' என்ற செருகுநிரல் (பிளகின்) இருக்கிறது. நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 முறையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழில் 'க' ஒன்றே 3 பைட், 'கோ' என்றால் 6. நீண்ட பெயரின் வாலை பீட்ஸ் நறுக்கிவிடும். எங்களுக்கு வாலில்தானே ராகம்! டேகில் முழுசாக இருக்கிறது என்பதால் விட்டுவிட்டேன்.

புதிய கோப்பை அடைவில் (ஃபோல்டரில்) போட்டுவிட்டு அப்டேட் போட்டால் வராது. அது தெரிந்த கோப்புகளை மட்டும்தான் பார்க்கும். புதியதை இம்போர்ட் செய்ய வேண்டும். விட்டுப்போனது எது என்று காட்ட 'அன்இம்போர்ட்டட்' செருகுநிரல் உண்டு.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது வேறு. கோப்பு இடத்தில் இல்லையென்றால், அழித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு அட்டவணையிலிருந்து நீக்கிவிடும். ஹார்ட் டிஸ்க் கேபிளைக் கழற்றிவிட்டு, 'மைனஸ் பி' சேர்த்து (செய்யாமல் செய்வதுபோலக் காட்டும்) வேண்டுமென்றே போட்டுப் பார்த்தேன். 3,400 பாட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக, சிவப்பில் 'டெலீட்டட்'. வயிற்றைக் கலக்கிவிட்டது. நூலக அடைவே காணோம் என்றால் 'தொடரலாமா' என்று கேட்கும்தான். ஆனால் டிஸ்க் ஏறும் இடத்தில் வெற்று அடைவு கிடந்தால் அதுவும் கேட்காது. பாட்டு அழியாது, டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும். போவது அட்டவணை. 'கேசட் எண்' என்று நானே ஒரு புலம் (விவரம் எழுதும் கட்டம்) உண்டாக்கி, பி-17, சி-4 என்று அத்தனைக்கும் போட்டிருக்கிறேன். அப்படி நாமாக உண்டாக்கும் புலங்கள் தரவுத்தளத்தில் மட்டும்தான் இருக்கும், கோப்பில் ஏறாது. அதனால் தரவுத்தளக் கோப்பை ஞாயிறுதோறும் பென் டிரைவில் ஒரு நகல் எடுக்கிறேன்.

இருநூறு முந்நூறு பாட்டு வைத்திருப்பவர்கள், கட்டளைத் திரை என்றாலே கூசுபவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். ஒரே தொகுப்பை இரண்டு பேர் திருத்துகிற வீடு என்றால் தாராளமாக வாருங்கள். தம்பிக்காகக் கட்டளைகளை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். 'மைனஸ் பி' மட்டும் சிவப்பு மையில்.