நாட்லரா, மலோனியா? மன்ஹாட்டன் 12ஆம் தொகுதி உட்கட்சித் தேர்தல்: ஒப்பீட்டு அலசல்

கட்சி ஒன்று, கொள்கை ஏறக்குறைய ஒன்று, பதவியில் இருந்த ஆண்டுகளும் ஒன்று. இப்படி இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் யாருக்குப் போடுவது? 2022 ஆகஸ்ட் 23 அன்று, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், நியூயார்க் 12ஆம் தொகுதியின் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களுக்கு வந்த சிக்கல் இதுதான். ஒருபுறம் ஜெரி நாட்லர், மறுபுறம் கேரலின் மலோனி. இருவரும் 1992இல் வென்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போனவர்கள். முப்பது ஆண்டுகள் அடுத்தடுத்த தொகுதிகளில் உரசல் இல்லாமல் இருந்தார்கள்.

மோத வைத்தது தொகுதி மறுசீரமைப்பு. மாநிலச் சட்டமன்றம் வரைந்த எல்லைகளை அந்த ஏப்ரலில் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிமன்றம் அமர்த்திய நிபுணர் மே மாதம் தந்த புதிய வரைபடம், சென்ட்ரல் பார்க்கின் இருபுறமும் உள்ள அப்பர் ஈஸ்ட் சைடையும் அப்பர் வெஸ்ட் சைடையும் ஒரே தொகுதிக்குள் போட்டது. கிழக்கு மலோனியின் கோட்டை, மேற்கு நாட்லரின் கோட்டை. பக்கத்து 10ஆம் தொகுதி காலியாகத்தான் கிடந்தது. இருவருமே அங்கே நகர மறுத்துவிட்டார்கள்.

ஒப்பிடும்போது முதல் வேலை, இருவருக்கும் பொதுவானதைக் கழித்துவிடுவது. பதவி மூப்பு ஏறக்குறைய சமம். வயதும் கிட்டத்தட்ட சமம்: நாட்லருக்கு 75, மலோனிக்கு 76. கருக்கலைப்பு உரிமை, துப்பாக்கிக் கட்டுப்பாடு, மருத்துவக் காப்பீடு எதிலும் பெரிய வேறுபாடு கிடையாது. "நவம்பரில் ஜெயிக்கக்கூடியவர் யார்" என்ற கேள்விக்கும் இங்கே வேலையில்லை. ஜனநாயகக் கட்சி கண்ணை மூடிக்கொண்டு வெல்லும் தொகுதி இது; உட்கட்சித் தேர்தலில் வென்றவரே உறுப்பினர். ஆனாலும் துண்டறிக்கைகளில் பாதி இடத்தை அனுபவமும் கொள்கைப் பட்டியலுமே அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றைப் படித்து யாரும் முடிவெடுக்க முடியாது.

மிச்சம் இருப்பது இருவரும் பிரிந்து நின்ற வாக்கெடுப்புகள். சபைச் செயலர் அலுவலகத்தின் இணையதளத்தில் உறுப்பினர் வாரியாக, தேதி வாரியாக இவை கிடைக்கும். ஆயிரக்கணக்கான வாக்கெடுப்புகளைப் புரட்ட வேண்டியதில்லை. கட்சியே இரண்டாகப் பிளந்த சிலவற்றைப் பார்த்தால் போதும். 2001 அக்டோபரில் உளவு அமைப்புகளின் கையை அவிழ்த்துவிட்ட பேட்ரியட் சட்டம் வந்தது: மலோனி ஆதரவு, நாட்லர் எதிர்ப்பு. இரட்டைக் கோபுரங்கள் நின்ற இடம் நாட்லரின் அன்றைய தொகுதிக்குள் இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த வாக்கைப் பார்க்க வேண்டும். இடிபாட்டின் புகை அடங்குவதற்குள், சொந்தத் தொகுதிக்காரர்களின் கோபத்துக்கு நடுவே போட்ட 'வேண்டாம்' அது. 2002 அக்டோபரில் ஈராக் போருக்கான அனுமதி: மறுபடியும் மலோனி ஆதரவு, நாட்லர் எதிர்ப்பு. 2015இல் ஒபாமாவின் ஈரான் அணு ஒப்பந்தம்: நாட்லர் ஆதரவு, மலோனி எதிர்ப்பு. யூத வாக்காளர்கள் நிறைந்த தொகுதியை வைத்திருந்த யூதரான நாட்லருக்கு அந்த முடிவு ஏகப்பட்ட வசவை வாங்கித் தந்தது.

மூன்றும் ஒரே திசையில் சாய்கின்றன. நெருக்கடி நேரத்தில் காற்று அடிக்கும் பக்கம் மலோனி போனார், நாட்லர் போகவில்லை. ஒரு சட்டத்தைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம், போரை அப்படித் திருத்த முடியாது. எனவே ஈராக் வாக்குக்கு மட்டுமே மற்ற இரண்டையும் சேர்த்ததைவிட அதிக எடை தரலாம். இதோடு தடுப்பூசி விவகாரமும் உண்டு. தடுப்பூசி போட்ட குழந்தைகளையும் போடாதவர்களையும் ஒப்பிட்டு ஆராயச் சொல்லி மசோதா கொண்டுவந்தவர் மலோனி. ஆட்டிசம் பற்றி நாடாளுமன்ற விசாரணையில் அவர் கேட்ட கேள்விகள் தடுப்பூசி எதிர்ப்பாளர்களுக்கு அவல் ஆயின. 2022 தொலைக்காட்சி விவாதத்தில் அதற்காக வருந்துவதாகச் சொன்னார். கொரோனா பார்த்த நகரத்தில் அது தாமதமான வருத்தம்.

இனி வேலை. இங்கே தட்டு மறுபக்கம் இறங்குகிறது. இரண்டாம் அவென்யூ சுரங்க ரயிலின் முதல் கட்டத்துக்கு மத்திய அரசு தந்த சுமார் 130 கோடி டாலருக்காக விடாமல் அலைந்தவர் மலோனி. 72, 86, 96ஆம் தெருக்களின் புதிய நிலையங்கள் 2017 ஜனவரி 1 அன்று திறந்தன. 9/11 மீட்புப் பணியாளர்களின் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்குமான ஜட்ரோகா சட்டம் (2011 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்டது) பெரும்பாலும் அவர் உழைப்பு. நாட்லரும் தோள் கொடுத்தார். இழப்பீட்டு நிதியை 2090 வரை நீட்டிக்கும் வரை தீயணைப்பு வீரர் மேலங்கியைக் கழற்றமாட்டேன் என்று மலோனி அதையே போட்டுக்கொண்டு திரிந்தார். 2019இல் அது நிறைவேறியது. கிரெடிட் கார்டுக்கான 2009 சட்டமும் மலோனியுடையதே: வட்டியை உயர்த்த 45 நாள் முன்னறிவிப்பு, பில்லைக் கட்டக் குறைந்தது 21 நாள் அவகாசம். அமெரிக்காவில் கார்டு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் இதன் பலன் போய்ச் சேர்ந்தது.

நாட்லர் பக்கம் செங்கல்லும் சிமெண்டும் குறைவு. நியூயார்க் துறைமுகத்துக்கு அடியில் சரக்கு ரயில் சுரங்கம் வேண்டும் என்று பல பத்தாண்டுகள் பேசினார். இன்றுவரை ஒரு கடப்பாரை விழவில்லை. அவருடைய பலம் அரசியல் சட்டம். நீதித்துறைக் குழுத் தலைவராக டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்தை 2019 டிசம்பரில் நகர்த்தினார். ஒருபாலினத் திருமணத்தைக் காக்கும் மசோதாவை 2022 ஜூலையில், அதாவது வாக்குப்பதிவுக்கு ஒரு மாதம் முன்பு, 267க்கு 157 என்ற கணக்கில் சபையில் நிறைவேற்றினார்.

குழுத் தலைவர் பதவி இருவரிடமும் இருந்தது; மலோனி கண்காணிப்புக் குழுவுக்குத் தலைவர். ஆனால் சபையில் பெரும்பான்மை போனால் தலைவர் பதவியும் போய்விடும். அந்த நவம்பரில் குடியரசுக் கட்சி முந்தும் என்ற எதிர்பார்ப்பு கோடையிலேயே இருந்தது, நடந்ததும் அதுதான். ஆகவே "தலைவரை இழக்காதீர்கள்" என்ற வாதத்துக்கு நான்கு மாத ஆயுள்தான் மிச்சம்.

நகரத்தில் எஞ்சிய ஒரே யூத உறுப்பினர் என்று நாட்லர் தரப்பும், கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் பறித்த ஆண்டில் ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பலாமா என்று மலோனி தரப்பும் கேட்டன. இரண்டும் நியாயமான கேள்விகள், ஒன்றை ஒன்று ரத்து செய்யும் கேள்விகளும்கூட.

மூன்றாவதாக நின்றவர் சூரஜ் பட்டேல், 38 வயது இந்திய வம்சாவளி வழக்கறிஞர். 2020இல் மலோனியை நான்கு சதவீதத்துக்கும் குறைவான இடைவெளி வரை விரட்டியவர். இங்கேதான் பலர் கோட்டைவிட்டார்கள். நியூயார்க் நகரத் தேர்தல்களில் உள்ள விருப்ப வரிசை முறை (வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்திப் போடுவது) காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கிடையாது. ஒரே குறி, அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி, பாதியைத் தாண்ட வேண்டிய கட்டாயமில்லை. அதே நாளில் பக்கத்து 10ஆம் தொகுதியில் டான் கோல்ட்மேன் கால் பங்கை மட்டும் சற்றே தாண்டி ஜெயித்தார். 12இல் நாட்லருக்கு ஏறத்தாழ 55 சதவீதம், மலோனிக்கு 24, பட்டேலுக்கு 19. புதிய தொகுதியில் பெரும்பகுதி மலோனியின் பழைய இடம் என்பதைப் பார்த்தால் இந்த இடைவெளி அவருடைய வேலைக்குச் செய்த அநியாயம். முடிவு சரி, அளவு மிகை.

வாக்குச் சாவடியில் சறுக்கியவர்களும் உண்டு. இது மூடிய தேர்தல்: ஜனநாயகக் கட்சிக்காரராகப் பதிந்தவர் மட்டுமே போடலாம். எந்தக் கட்சியிலும் பதியாதவர் உறுதிமொழிச் சீட்டில் (தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணும் வாக்குச்சீட்டு) போட்டுவிட்டு வந்தாலும் அது எண்ணிக்கையில் சேராது. வழக்கமான ஜூன் தேர்தல் ஆண்டுகளில் கட்சி மாற்றப் பிப்ரவரி 14தான் கடைசி நாள். அந்த ஆண்டு ஆளுநர் பதவிக்கு ஜூன் 28, காங்கிரசுக்கு ஆகஸ்ட் 23 என இரண்டு தேதிகள். ஜூனில் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் பலர். ஆகஸ்டில் ஊரில் இல்லாதவர்களுக்கு 13 முதல் 21 வரை முன்கூட்டிய வாக்குப்பதிவு இருந்தது. தபால் சீட்டு வாங்கியபின் மனம் மாறி நேரில் போனால் இயந்திரத்தில் போட விடமாட்டார்கள்; உறுதிமொழிச் சீட்டுதான் கிடைக்கும், தபால் சீட்டு வந்து சேரவில்லை என்று உறுதியான பிறகே அதை எண்ணுவார்கள்.