எஸ்24 அல்ட்ரா: இரவுப் படமும் இரண்டு கண்ணாடிகளும்

சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவை வாங்குபவர்களில் பலர் முதல் நாளே இரண்டு கண்ணாடி ஒட்டிவிடுகிறார்கள். திரைக்கு ஒன்று, பின்னால் கேமராவுக்கு ஒன்று. முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்து வாங்கினால் நல்லதுதான். பின்பக்கக் கண்ணாடியோ இந்த போனை எதற்காக வாங்குகிறோமோ அதையே கெடுக்கிறது, அதாவது இரவுப் படத்தை.

2024 ஜனவரியில் வந்த போன் என்றாலும், இருட்டில் எடுக்கும் படத்தில் இன்றும் இது நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது. ஆனால் எந்த கேமரா எப்போது வேலை செய்கிறது என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

பிரதான கேமரா 200 மெகாபிக்சல். இருட்டில் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அதில் ஒரு பிக்சல் 0.6 மைக்ரான்தான், அவ்வளவு சின்ன இடத்தில் விழும் வெளிச்சம் சொற்பம், படம் முழுக்க மணல் தூவியதுபோல் நாய்ஸ் வரும். வழக்கமான 12 மெகாபிக்சல் அமைப்பில் விட்டால் 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து, 2.4 மைக்ரான் பிக்சலுக்குச் சமமாக்கிக்கொள்கிறது. இரவுக்கு அதுதான் சரி. 50 மெகாபிக்சல், விளக்கு நன்றாக எரியும் அறைக்குப் பரவாயில்லை.

ஜூமில்தான் ஏமாற்றம் வரும். பிரதான லென்ஸின் அப்பெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளையின் அளவு, எஃப்/1.7, 5 எக்ஸ் லென்ஸுக்கு எஃப்/3.4. எண் கூடினால் துளை சிறியது, எண் இரட்டிப்பானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். அந்த சென்சாரும் சிறியது. அதனால் வெளிச்சம் குறைந்ததும், திரையில் 5 எக்ஸ் என்று காட்டிக்கொண்டே, பிரதான கேமராவின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித் தந்துவிடும். உங்கள் போனில் இது நடக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: 5 எக்ஸில் வைத்துக்கொண்டு, பின்னால் இடது வரிசையில் நடுவிலிருக்கும் லென்ஸை விரலால் மூடுங்கள். திரை கறுத்துப்போனால் ஓடிக்கொண்டிருந்தது பிரதான கேமரா. சாம்சங்கின் கேமரா அசிஸ்டன்ட் செயலியில் லென்ஸ் தானாக மாறுவதை அணைத்துவிடலாம். போனை எதிலாவது சாய்த்து வைத்து, அசையாத பொருளை எடுக்கும்போது அப்படி அணைப்பது பலன் தரும். கையில் பிடித்தபடி எடுப்பதானால் போன் செய்வதே சரி, விட்டுவிடுங்கள்.

வெளிச்சம் குறைந்தால் திரை ஓரத்தில் பிறை வடிவ ஐகான் வரும், அதில் நொடிக்கணக்கும் இருக்கும். அந்த நேரம் முழுக்க போன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து அடுக்குகிறது. கட்டடம், தெரு, மரம் எல்லாம் இதில் அருமையாக வரும். நடமாடும் ஆட்கள் வரமாட்டார்கள், முகம் கரைந்துபோகும். உங்கள் கை நடுக்கத்தைத்தான் ஓஐஎஸ் (லென்ஸை அசைத்து நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு) சமாளிக்கும். எதிரே குழந்தை ஓடுவதை அதனால் நிறுத்த முடியாது. அப்போது எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடுக்குப் போய் ஷட்டரை (வெளிச்சம் விழும் நேரம்) 1/125 நொடி வைத்து ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) 1600 வரை ஏற்றுங்கள். நின்று பேசுகிறவர்களுக்கு 1/60 போதும். நாய்ஸ் கொஞ்சம் தெரியும்தான். ஆனாலும் முகம் முகமாக இருக்கும். ட்ரைபாட் இருந்தால் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 4 நொடி, டைமர் 2 நொடி என்று ஆரம்பித்துப் பாருங்கள். டைமர் வைக்காவிட்டால் பொத்தானைத் தொடும் அதிர்வே படத்தில் தெரியும். சாம்சங்கின் எக்ஸ்பர்ட் ரா செயலியில் நட்சத்திரங்களுக்கென்றே 4, 7, 10 நிமிட அமைப்புகள் உண்டு. வீடியோவுக்கு 4கே, நொடிக்கு 30 ஃபிரேம். 60-க்கு ஏற்றினால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிகபட்சம் கிடைக்கும் வெளிச்ச நேரம் பாதியாகிவிடும்.

இனி பின்பக்கக் கண்ணாடி. லென்ஸின் மேலிருக்கும் கண்ணாடி பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சோடுதான் வருகிறது. அதன்மேல் இன்னொரு கண்ணாடி ஒட்டினால் இடையில் மெல்லிய காற்று இடைவெளி விழும். புதிதாக இரண்டு பரப்புகள் சேர்கின்றன. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பகலில் இது கண்ணில் படாது. இரவில் கறுப்புப் பின்னணியில் ஒரு தெருவிளக்கு இருந்தால் போதும், அதன் பேயுருவம் படத்தின் எதிர் மூலையில் மிதக்கும்.

சோதித்துப் பார்க்க, இருட்டறையில் ஒரே ஒரு பல்பை எரியவிட்டு, அது படத்தின் மேல் இடது மூலையில் வரும்படி போனைப் பிடியுங்கள். கீழ் வலது மூலையைக் கவனியுங்கள். வெறும் லென்ஸிலேயே சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி தெரியலாம், அது இயல்பு. கண்ணாடி ஒட்டிய லென்ஸில் அதோடு வெளிறிய புகைபோல் ஒரு படலம் பரவி, கறுப்பு சாம்பலாகிவிடும். விளக்கிலிருந்து ஒரே திசையில் நீளமாகக் கோடு இழுத்தால் மட்டும் குற்றம் கண்ணாடியுடையதல்ல, விரல் எண்ணெய். துடைத்த திசைக்குக் குறுக்காகத்தான் அந்தக் கோடு ஓடும். மைக்ரோஃபைபர் துணியால் வட்டமாகத் துடைத்தால் போய்விடும்.

எல்லா லென்ஸையும் சேர்த்து மூடும் ஒற்றைத் தகடு இன்னும் மோசம். ஃபிளாஷ் வெளிச்சம் தகட்டுக்குள்ளேயே பரவி லென்ஸுக்குள் நுழையும். லேசர் ஆட்டோஃபோகஸ் மறைந்தால் இருட்டில் ஃபோகஸ் தடுமாறும். லென்ஸைக் காப்பாற்ற, லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைவிட உயரமான விளிம்புள்ள கவரே போதும். விளிம்பு கறுப்பாக, மினுக்கமில்லாமல் இருக்கட்டும். ஏற்கெனவே கண்ணாடி ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரின் குறைந்த சூட்டில் அரை நிமிடம் காட்டி, பல்லிடுக்கு நூலை அடியில் விட்டு மெதுவாக இழுத்தால் வந்துவிடும்.

முன்பக்கம் வேறு கதை. இந்த போனின் திரையில் இருப்பது கார்னிங் நிறுவனத்தின் கொரில்லா ஆர்மர். பிரதிபலிப்பை 75 சதவீதம் வரை குறைக்கும் என்று சாம்சங் சொல்கிறது, வெயிலில் பார்த்தால் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதன்மேல் சாதாரண டெம்பர்ட் கிளாஸ் ஒட்டினால் அந்தச் சிறப்பு அன்றோடு போயிற்று. வெளிப்பரப்பு இப்போது சாதாரணக் கண்ணாடிதானே. ஆகவே ஒட்டுவதானால் பிரதிபலிப்பைக் குறைக்கும் ஏஆர் பூச்சுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் 9எச் என்பதை நம்பி வாங்க வேண்டாம். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் கடினத்தன்மை அளவு. உண்மையில் திரையைக் கீறுவது பாக்கெட்டிலும் பையிலும் சேரும் மணல். மணலிலுள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7, போன் கண்ணாடி 6-ஐ ஒட்டியது. ஒட்டும் எந்த கிளாஸிலும் கீறல் விழும், ஆனால் கிளாஸை மாற்றிக்கொள்ளலாம். திரையிலேயே விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வேறொரு வேலையும் செய்கின்றன: போன் விழும்போது விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. மூலையில் விழும் அடியை கிளாஸ் அவ்வளவாகத் தாங்காது. அதற்குத் திரையைவிட 1 மி.மீ. ஆவது உயர்ந்த விளிம்புள்ள கவர் வேண்டும்.

கைரேகை சென்சார் அல்ட்ராசோனிக், அதாவது ஒலியலையால் ரேகையைப் படிப்பது என்பதை மறக்கக் கூடாது. ஒலியலைக்குக் காற்றிடைவெளி ஆகாது. ஓரத்தில் மட்டும் பசையுள்ள கிளாஸ் ஒட்டினால் விரலை எத்தனை முறை வைத்தாலும் திறக்காது. பரப்பு முழுக்கப் பசையுள்ளதை வாங்குங்கள். ஒட்டியதும் பழைய ரேகையை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்து, அமைப்புகளில் தொடு உணர்திறனையும் ஏற்றிவிடுங்கள். யூவி பசை (புறஊதா ஒளியில் இறுகும் பசை) ஊற்றி ஒட்டும் வகையில் ரேகை நன்றாக வேலை செய்யும். ஆனால் பசை வழிந்து மேலேயுள்ள ஸ்பீக்கர் இடுக்கிலோ பட்டன்களிலோ இறங்கினால் போனுக்கே கேடு. இந்தத் திரை தட்டையானது, வளைந்த திரைக்கான அந்த வகை தேவையே இல்லை.

ஒட்டும்போது தூசிதான் எதிரி. வெந்நீர்க் குளியல் முடிந்து ஆவி அடங்கிய குளியலறையில் தூசி குறைவு. ஆல்கஹால் துணி, மைக்ரோஃபைபர், தூசி எடுக்கும் ஸ்டிக்கர் என்ற வரிசையில் துடைத்து, கிளாஸோடு வரும் சட்டத்தில் பொருத்தி, நடுவில் மட்டும் அழுத்திவிட்டுப் பசை தானே பரவ விடுங்கள். குமிழின் நடுவே ஒரு புள்ளி தெரிந்தால் அது தூசி, தானாகப் போகாது. ஓரத்தைத் தூக்கி டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும். புள்ளியில்லாத குமிழ் வெறும் காற்று. பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். மூலையில் விரிசல் விட்ட கிளாஸை அன்றே கழற்றிவிடுங்கள். அதன் சில்லு விரலைக் கிழிக்கும், அடியில் புகும் மணல் உண்மையான திரையைக் கீறும்.