முழுத் தேடலா, மாற்றக் கண்காணிப்பா?

மொரீசியசின் எபேன் சைபர் சிட்டியில் பெரிய மென்பொருள் திட்டங்களைப் பராமரிக்கும் நம் தமிழ் நிரலாளர்கள், ஒரே ஒரு வரியைத் திருத்திவிட்டு பில்டு (மூலநிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றும் வேலை) முடியக் காத்திருக்கும்போது, அந்த நேரத்தில் கணிசமான பகுதி எந்தக் கோப்பு மாறியது என்று தேடுவதிலேயே கழிவதைக் காணலாம்.

மாறிய கோப்பைக் கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி முழுத் தேடல்: மேக் (make) என்ற பில்டு கருவி செய்வதுபோல, ஒவ்வொரு முறையும் சார்புக் கோப்புகளின் (பில்டு நம்பியிருக்கும் கோப்புகளின்) மாற்ற நேரத்தை இயக்க முறைமையிடம் கேட்டறிவது. எளிமையானது, நம்பகமானது, ஆனால் லட்சம் கோப்புகளுக்கு லட்சம் வினவல்கள் வேண்டும்.

இரண்டாவது, வாட்ச்மேன் (Watchman) போன்ற கருவிகள் செய்யும் பின்னணிக் கண்காணிப்பு. லினக்ஸில் 2005 முதல் உள்ள, கோப்பு மாற்றங்களை அறிவிக்கும் ஐநோட்டிஃபை (inotify) வசதி வழியே மாற்றச் செய்தி உடனுக்குடன் வந்துவிடுவதால், தேடும் வேலை மாறிய கோப்புகளின் அளவுக்குச் சுருங்குகிறது. ஆயினும் ஐநோட்டிஃபை உட்கோப்புறைகளைத் தானாகப் பின்தொடராது. ஒவ்வொரு கோப்புறையையும் தனியே பதிய வேண்டும், செய்தி வரிசை நிரம்பி வழிந்தால் முழுத் தேடலுக்கே திரும்ப வேண்டும், வலையமைப்பு வட்டில் வேறொரு கணினி செய்த மாற்றத்தையும் அது அறியாது.

உள்ளூர் வட்டில் நாள்முழுதும் ஒரே மூலநிரலில் உழைப்பவருக்குக் கண்காணிப்பையே உறுதியாகப் பரிந்துரைப்பேன். ஒருமுறை ஓடி அழிக்கப்படும் சோதனைச் சேவையகத்துக்கு முழுத் தேடலே பொருந்தும். எதைத் தேர்ந்தாலும், பில்டு உருவாக்கும் கோப்புகள் சேரும் வெளியீட்டுக் கோப்புறைகளைத் தேடல் வரம்பிலிருந்து முதலில் விலக்கிவிட வேண்டும்.