மூன்று புள்ளிகளைத் தேடி ஒரு மைக்ரோஸ்கோப்

சித்தப்பாவின் மினிமார்ட் கல்லாவில் நான் உட்கார ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே இருக்கும் சின்னக் கடை. கைப்பேசியில் பணம் கட்டும் காலம் வந்துவிட்டாலும், கறிவேப்பிலையும் தயிரும் வாங்க வரும் பாட்டிமார்கள் இன்னும் சில்லறையைத்தான் எண்ணித் தருகிறார்கள். அப்படி வந்த சில்லறையில் ஒருநாள் ஒரு 20 காசு கையில் வித்தியாசமாகப் பட்டது. விளிம்பில் பிறை வடிவத்தில் கொஞ்சம் இல்லை.

யாரோ குறட்டால் வெட்டியது என்றார் ஒருவர். ஆயிரம் வெள்ளி (டாலர்) போகும், பத்திரமாக வை என்றார் இன்னொருவர். இரண்டில் எது உண்மை என்று தெரியாமல் அந்தக் காசை மூன்று மாதம் பர்ஸிலேயே வைத்திருந்தேன். அதற்குப் பதில் தேடித்தான் இந்த டிஜிட்டல் மைக்ரோஸ்கோப்பை ஆன்லைனில் 62 வெள்ளிக்கு வாங்கினேன். எட்டு மாதம் நன்றாகப் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன். பெட்டியில் பெரிய கம்பெனிப் பெயர் எதுவும் கிடையாது. இதே வடிவத்தில் பத்துப் பதினைந்து பெயர்களில் விற்கிறார்கள், அதனால் பெயரைவிட அமைப்பைச் சொல்வதுதான் உதவும். 4.3 அங்குலத் திரை, உலோக அடித்தட்டு, ஒரு கம்பத்தில் ஏறி இறங்கும் தலை, லென்ஸைச் சுற்றி எட்டுச் சின்ன விளக்குகள், உள்ளே சார்ஜ் ஏறும் பேட்டரி. மெமரி கார்டும் நம் ஊர் மூன்று முள் பிளக்கும் தனியாக வாங்க வேண்டியிருந்தது.

பெட்டியில் ‘1000 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதை நம்பி வாங்காதீர்கள். என் மகனுடைய ஸ்கூல் ரூலரைக் கீழே வைத்து அளந்து பார்த்தோம். எவ்வளவு கிட்டே கொண்டுபோனாலும் ஒரு மில்லிமீட்டர் திரையில் 80 மில்லிமீட்டராகத்தான் தெரிந்தது, அதாவது 80 மடங்கு. அதற்கு மேல் பட்டனை அழுத்தினால் படத்தை இழுத்துப் பெரிதாக்கும், புதிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் காசுக்கு 15 முதல் 30 மடங்கே தாராளம். அந்த அளவில் படம் உண்மையிலேயே தெளிவாக இருக்கிறது.

சரி, அந்த 20 காசுக்கு வருகிறேன். நீண்ட உலோகப் பட்டையிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டி எடுத்துத்தான் காசு அடிக்கிறார்கள். பட்டை சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டு விழுந்து வில்லையில் ஒரு பிறை குறைந்துவிடும். அப்புறம் அந்த வில்லையின் விளிம்பை உயர்த்தும் இயந்திரத்தில், பிறை இருக்கும் பக்கம் உலோகம் இல்லாததால் நேர் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் சரியாக விழாது. அதனால் பிறைக்கு எதிரே இருக்கும் விளிம்பு மெலிந்தோ மங்கியோ போயிருக்கும். சேகரிப்பவர்கள் இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். பிறைக்கு அருகில் இருக்கும் எழுத்துகளும் அந்தப் பக்கமாக இழுபட்டு மங்கியிருக்கும். பின்னால் யாராவது வெட்டியிருந்தால் எழுத்து கத்தியால் நறுக்கியது போல் சட்டென்று நிற்கும். திரையில் முதலில் பிறையைப் பார்த்தேன், பிறகு காசைத் திருப்பி எதிர்ப்பக்கம் பார்த்தேன். அங்கே விளிம்பு கரைந்தது போல் மெலிந்திருந்தது. நாணயச்சாலையிலேயே நடந்த பிழைதான். கடையில் ஆள் இருந்ததையும் மறந்து கைதட்டிவிட்டேன்.

இந்தக் கருவி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: காசில் மேடாக ஓடும் கோடு பெரும்பாலும் அச்சில் (காசின் மேல் உருவத்தைப் பதிக்கும் உலோக முத்திரையில்) விழுந்த விரிசல், பள்ளமாக ஓடும் கோடு பெரும்பாலும் பின்னால் பட்ட கீறல். அச்சு வெடித்தால் அந்த வெடிப்புக்குள் உலோகம் புகுந்து காசில் மேடாக எழும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரியும்.

இங்கேதான் கருவியின் பெரிய குறையும் இருக்கிறது. அந்த எட்டு விளக்குகளும் நேர் மேலிருந்து அடிப்பதால் காசு கண்ணாடி போல் பளபளக்கிறது, மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகிவிடுகிறது. முதல் இரண்டு வாரம் எதைப் பார்த்தாலும் இரட்டை எழுத்தாகவே தெரிந்தது. அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு ஒரு செண்டில் எழுத்தும் ஆண்டும் வெறும் கண்ணுக்கே தெரியும்படி இரட்டிப்பாக இருக்கும், அச்சிலேயே உருவம் இரண்டு முறை பதிந்திருந்ததால் வந்தது, அதுதான் சேகரிப்பவர்கள் தேடும் இரட்டை அச்சு. எனக்குக் கிடைத்தவை எல்லாம் இயந்திர இரட்டிப்பு, அதாவது அடிக்கும்போது அச்சு தளர்ந்து இழுத்த தடம். அதற்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு இல்லை. விளக்குகளை அணைத்துவிட்டு, மேசை விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்த பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. இயந்திர இரட்டிப்பில் எழுத்தின் ஓரம் படிக்கட்டு போல் தட்டையாகத் தாழ்ந்திருக்கும், எழுத்தும் மெலிந்திருக்கும். உண்மையான இரட்டை அச்சில் இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு நிற்கும், முனைகள் பிளந்திருக்கும். ஆகவே இதை வாங்குகிறவர்கள் கழுத்து வளையும் மேசை விளக்கு ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். அது இல்லாமல் காசு பார்க்க இந்தக் கருவி பாதிகூட உதவாது.

என் அத்தானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, மெட்டல் டிடெக்டர் பைத்தியம். ஞாயிறு விடிகாலையில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நடப்பார். (பூங்கா நிலத்தில் தோண்டுவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) அங்கே நூறு வருடத்துக் காசு தேடிப் போகிறவர்களுக்கு அவர் முதலில் சொல்வது, அந்தக் கரையே பழையது இல்லை என்பதுதான். 1966இல் தொடங்கிக் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் அது. பழைய கடலோரம் உள்ளே காத்தோங் பக்கம் இருந்தது. அதனால் அவருக்குக் கிடைப்பவை பார்பிகியூ அலுமினியத் தாள், பானத் தகரத்தின் வளையம், தூண்டில் ஈயக்குண்டு, அப்புறம் காசு.

அந்தக் காசுகளைப் பார்க்க இந்த மைக்ரோஸ்கோப் அருமை. 2013இல் வந்த புதிய வரிசைக் காசுகள் எஃகின் மேல் முலாம் பூசியவை. உப்பு நீர் முலாமைத் தாண்டி உள்ளே போய்விட்டால் துரு கொப்புளமாக வெடித்துக் கிளம்புவது திரையில் தெரிகிறது. 1967இல் வந்த முதல் வரிசையில் கடற்குதிரை போட்ட 10 காசு செம்பும் நிக்கலும் கலந்தது, கறுத்துப் போனாலும் உருவம் நிற்கிறது. அத்தான் கொண்டுவந்த ஒரு கடற்குதிரையில் ஆண்டு சுத்தமாகத் தெரியவில்லை. தேய்த்துப் பார்க்கலாமா என்றார், நான் விடவில்லை. விளக்கைத் தாழ்த்திக் காசை மெதுவாகச் சுற்றினேன். ஒரு கோணத்தில் நிழல் விழுந்து 1979 என்று எழுந்து வந்தது. தேய்த்திருந்தால் அதுவும் போயிருக்கும். கடலில் கிடைத்த எதையும் பார்க்கும் முன் தேய்க்காதீர்கள்.

மகனுக்குப் பதினான்கு வயது. லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் பிரின்ஸ், அப்பொலோனியா, டுவின்கி என்ற மூன்று நீள்கழுத்து டைனோசர் எலும்புக்கூடுகளைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குப் புதைபடிவம்தான் உலகம். எங்கள் பக்கத்தில் குட்டி குவிலின் என்று சொல்லும் பழைய கல்லுடைப்புக் குளத்துப் பாறையில் ஏதாவது இருக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அது உருகிய குழம்பு ஆறி இறுகிய பாறை, அதில் உயிரினத்தின் தடம் தங்காது என்று அவனே படித்துத் தெரிந்துகொண்டான். சேர்த்த காசில் 28 வெள்ளிக்கு ஆன்லைனில் ஒரு டிரைலோபைட் (அழிந்துபோன பழங்காலக் கடலுயிரின் புதைபடிவம்) வாங்கினான், மொராக்கோவிலிருந்து வந்தது என்று சொல்லி விற்றார்கள். மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் முதுகெல்லாம் ஊசிமுனை அளவு வட்டக் குழிகள். பிசினை அச்சில் ஊற்றும்போது மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழ்கள் அவை. அன்று இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை, எனக்கும் மனசு கேட்கவில்லை. அதற்குப் பிறகு பணம் கொடுப்பதற்கு முன்பே விற்பவரிடம் கிட்டத்தில் எடுத்த படம் கேட்கப் பழகிவிட்டான்.

அந்த வாரம்தான் என் அம்மா பூஜை அறையிலிருந்து சாளக்கிராமத்தைத் தானே எடுத்து வந்தார். அம்மா வீட்டில் மூன்று தலைமுறையாக இருப்பது. நேபாளத்தின் கண்டகி ஆற்றுப் படுகையில் கிடைக்கும் அந்தக் கல்லில் நாம் சக்கரம் என்று கும்பிடுவது அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓடு. இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே கடல் இருந்தது. மேசையைத் துடைத்து, பட்டுத்துணி விரித்து, துளசி எடுத்து வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் நின்றார். கல்லின் உயரத்துக்கு லென்ஸ் ஏறவில்லை. மைக்ரோஸ்கோப்பின் தலையைக் கழற்றி, இரண்டு பால்மாவு டின்களின் மேல் பலகை வைத்துப் பிடித்தோம். திறந்திருந்த வாய்ப்பகுதியில் ஓட்டின் வரிகள் ஒவ்வொன்றாக, சீப்பின் பற்கள் போல வரிசையாகத் தெரிந்தன. “எவ்வளவு நேர்த்தியா வச்சிருக்கார் பார்” என்று அம்மா சொன்னார். மகன் அரை மணி நேரம் திரையைவிட்டு நகரவில்லை. அடுத்த ஆண்டு விடுமுறையில் அரியலூர் அருங்காட்சியகத்தையும் திருவக்கரை கல்மரப் பூங்காவையும் பார்க்கப் போகிறோம். திருவக்கரையில் ஒரு துண்டும் எடுத்துவர முடியாது, எடுக்கவும் கூடாது. பார்க்கத்தானே போகிறோம் என்கிறான்.

மற்றக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கம்பம் குட்டை, ஒரு முழு 20 காசு திரையில் அடங்காது. பட்டனைத் தொட்டாலே படம் ஆடுகிறது, பெட்டியில் வரும் ஒயர் ரிமோட்டை மாட்டிக்கொண்டால்தான் நல்ல படம் கிடைக்கும். ஆறாம் மாதம் தலையைப் பிடிக்கும் திருகு தளர்ந்து கீழே இறங்க ஆரம்பித்தது, ஒரு ரப்பர் வளையம் போட்டு இறுக்கினேன். பேட்டரி மூன்று மணி நேரம் நிற்கிறது. கடற்கரைக்கு இதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், மணல் போனால் திருகு கெட்டுவிடும். அங்கே பத்து மடங்கு நகைக்கடை லென்ஸ் போதும், அத்தான் அதைத்தான் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். டிடெக்டருக்கு நூற்றுக்கணக்கில் செலவழிப்பதற்கு முன் இந்த 62 வெள்ளியைச் செலவழியுங்கள் என்று அவரே இப்போது புதியவர்களிடம் சொல்கிறார். நானும் அதையேதான் சொல்வேன்.

இப்போது நான் தேடுவது ஒன்றே ஒன்று. 1985இல் வந்த பூ வரிசைக் காசுகளில் நாட்டின் பெயர் நான்கு மொழியிலும் இருக்கிறது. ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் எழுதினால் ங், ப், ர் என்று மூன்று புள்ளி. லென்ஸுக்குக் கீழே ஒவ்வொரு புள்ளியும் மிளகு மாதிரி உருண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. அச்சில் எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ அடைத்திருந்தால் ஒரு புள்ளி காசில் விழாமலே போகலாம். தேய்ந்து போனது என்றால் சுற்றியுள்ள எழுத்தும் தேய்ந்திருக்கும். எழுத்தெல்லாம் கூர்மையாக இருந்து புள்ளி மட்டும் இல்லை என்றால் அது அச்சடைப்பு. இதுவரை நானூறுக்கு மேல் பார்த்துவிட்டேன், எல்லாவற்றிலும் மூன்று புள்ளியும் இருக்கிறது. தீபாவளி நெருங்குகிறது, கடையில் சில்லறை குவியும் நேரம். பூப்போட்ட காசுகளைத் தனி டப்பாவில் எடுத்து வைக்கும்படி சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.